வீட்டுக்கு ஒரு கார்: இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

2025 செப்டம்பர் 22-ல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. மாறியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கார் பற்றித்தான். முதல் கார் வாங்குகிறவர்கள், பைக்கிலிருந்து மாறுகிறவர்கள், பத்து வருஷப் பழைய காரை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்லியிருக்கிறேன்.

மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, நான். தினமும் கம்பெனிக்குப் போய் வர இருபது கிலோமீட்டர், மாதத்துக்கு ஒருமுறை பழனி பக்கம் சொந்த ஊர். கையில் இருப்பதும் லோனும் சேர்த்து பத்து லட்சம். ஒருவர் சி.என்.ஜி. வாங்கு என்கிறார், ஒருவர் இனி எலெக்ட்ரிக்தான் என்கிறார், மச்சானோ இன்னும் ஒரு வருஷம் பொறு, எல்லாம் மாறப்போகிறது என்கிறார். தலை சுற்றுகிறது. – திருப்பூர் வாசகர்

முதலில் உங்கள் மச்சான் சொல்வதை எடுத்துக்கொள்வோம். மாறப்போகிறது என்பது உண்மைதான், ஆனால் அடுத்த வருஷமும் இதையேதான் சொல்வார்கள். மாதம் ஒரு புது மாடல் வருகிறது, போன வருஷம் டாப் எண்டில் மட்டும் இருந்தது இந்த வருஷம் நடு வேரியண்டிலேயே வருகிறது. இதற்கு முடிவே கிடையாது. உங்களுக்குச் சாதகமாக வரவேண்டிய பெரிய மாற்றம் வந்துவிட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் காருக்கு முன்பு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதம் இருந்தது, இப்போது 18. வரிக் குறைப்பை முழுவதும் கொடுத்தால், பத்து லட்சம் விலை போட்ட காரில் ஏறக்குறைய எண்பத்தைந்தாயிரம் குறைகிறது. உங்கள் பட்ஜெட்டில் உள்ள கார் பெரும்பாலும் இந்த வகைதான். இதற்கு மேல் ஒரு பெரிய இறக்கத்தை எதிர்பார்த்து, மழையில் பிள்ளைகளை பைக்கில் முன்னும் பின்னுமாக உட்காரவைத்து இன்னொரு வருஷம் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது எரிபொருள். இதை யாருடைய கருத்தையும் கேட்டு முடிவு செய்யவேண்டாம், உங்கள் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் போதும். நீங்கள் சொல்கிற ஓட்டம் மாதத்துக்கு எழுநூறு கிலோமீட்டர் வரும், வருஷத்துக்கு எட்டாயிரத்துக்கும் கொஞ்சம் மேலே. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது, டவுனுக்குள் 16, 17 மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். சி.என்.ஜி.யில் அது மூன்றரையிலிருந்து நாலு ரூபாய்க்குள் வரும். ஆக கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். அதே காரின் சி.என்.ஜி. வேரியண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிக் கூடுதல் விலை. அந்த ஒரு லட்சம் திரும்ப வர ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடவேண்டும், உங்களுக்கு ஆறு வருஷம். அதுவரை டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். ஊருக்குப் போகும்போது ஐந்து பேரின் பையை எங்கே வைப்பீர்கள்? டாடா இரண்டு சின்ன சிலிண்டராகப் பிரித்து டிக்கித் தளத்துக்குக் கீழே வைக்கிறது, அதில் இடம் பரவாயில்லை, ஆனாலும் உங்கள் ஓட்டத்துக்கு இந்தச் செலவே தேவையில்லை. தினம் எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு, போகிற வழியிலேயே சி.என்.ஜி. பங்க் இருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கச் சொல்வேன்.

எலெக்ட்ரிக்கும் இதே கணக்குதான். நல்ல பேட்டரி உள்ள குடும்பக் கார், அதே அளவு பெட்ரோல் காரைவிட மூன்று, நாலு லட்சம் கூட நிற்கும். வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது, அதாவது நாலரை ரூபாய் மிச்சம். நாலு லட்சம் வித்தியாசம் என்றால் திரும்ப வர தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஆகும். மாதம் ஆயிரத்தைந்நூறு ஓடுகிறவருக்கு ஐந்து வருஷத்தில் வந்துவிடும், உங்களுக்கு பதினொரு வருஷம் ஆகும்.

ஆகவே உங்களுக்கு பெட்ரோல், நான்கு மீட்டருக்குள். கார் பெயரை நான் சொல்வதைவிட, ஐந்து பேரும் சேர்ந்து ஷோரூமுக்குப் போங்கள். அம்மா பின்சீட்டில் ஏறி இறங்கட்டும். நடுவில் உட்காரப்போகிற பிள்ளைக்கு இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் இல்லாமல் தோளிலிருந்து வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, தலைக்குச் சாய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவ் என்று உங்களை மட்டும் தனியாக ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் அதில் எதுவும் தெரியாது, ஐந்து பேரோடு ஏ.சி. போட்டு ஒரு மேம்பாலம் ஏறச் சொல்லுங்கள். வண்டி திணறுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஒரே விலையில் இரண்டு கார். ஒன்றில் சன்ரூஃப், பெரிய டச் ஸ்கிரீன், 360 டிகிரி கேமரா. இன்னொன்றில் இதெல்லாம் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து ஸ்டார். பிள்ளைகள் சன்ரூஃப்தான் வேண்டும் என்கிறார்கள். ஸ்டாரை அவ்வளவு நம்பலாமா? – மதுரை வாசகி

நம்பலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மோதல் சோதனையே நடக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முன்பகுதியில் ஒரு பாதியை மட்டும் மோதவிடுகிறார்கள், பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோதல், ஐந்து ஸ்டார் வரை போகவேண்டுமென்றால் கம்பத்தில் மோதும் சோதனை வேறு. எதிரே முந்திக்கொண்டு வரும் வண்டியோடு ஓரமாக மோதுவதுதான் நம் சாலைகளில் அடிக்கடி நடக்கிறது, அந்தப் பாதி மோதல் சோதனை கிட்டத்தட்ட அதைத்தான் பார்க்கிறது. பெரியவர்களுக்குத் தனி மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் 49-க்குப் போடுகிற அந்த இரண்டாவது எண்ணையும் பாருங்கள்.

சின்ன கார் என்றால் தகரம் என்ற பேச்சும் பழசாகிவிட்டது. 2022-ல் மாருதி ஸ்விஃப்ட், வெளிநாட்டு அமைப்பான குளோபல் என்கேப் நடத்திய சோதனையில் ஒரு ஸ்டார்தான் வாங்கியது. அதே நிறுவனத்தின் டிசையர் 2024 நவம்பரில் ஐந்து ஸ்டார் வாங்கியது. ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள், நிறுவனங்கள் செய்ய ஆரம்பித்தன. நீங்களும் ஷோரூமில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். ஆறு ஏர்பேக் இருக்கிறது என்று பதில் வந்தால் அது முழுப் பதில் இல்லை. ஏர்பேக் விரிந்தாலும், ஆள் உட்கார்ந்திருக்கிற கூடு நசுங்காமல் நிற்கவேண்டும், அதைச் சோதனை முடிவு மட்டும்தான் சொல்லும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஐந்து ஸ்டாரும் பெல்ட் போட்ட பொம்மையை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தார். அவ்வளவு விலை உயர்ந்த காரிலும் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று காவல்துறை சொன்னது. நம் வீடுகளில் பின்சீட்டு பெல்ட்டை கவருக்குள்ளே சொருகி மறைத்தே வைத்துவிடுகிறோம், சீட் கவர் போடும் கடைக்காரரிடம் பெல்ட் பூட்டு வெளியே தெரியும்படி போடச் சொல்லுங்கள். சன்ரூஃபில் பிள்ளைகளை நிற்கவைத்துக்கொண்டு பைபாஸில் போகும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. சன்ரூஃபுக்குக் கொடுக்கிற நாற்பது, ஐம்பதாயிரத்தில் நல்ல சைல்ட் சீட்டே இரண்டு வாங்கலாம்.

வேளச்சேரியில் அபார்ட்மெண்ட். எலெக்ட்ரிக் கார் வாங்க ஆசை. மாதம் 1500 கி.மீ. ஓடுவேன். வெள்ளம் வந்தால்? மதுரைக்கு ஒரே ஓட்டமாகப் போக முடியுமா? – சென்னை வாசகர்

ஓட்டத்தைப் பார்த்தால் நீங்கள் வாங்கவேண்டியவர்தான். ஆனால் காரைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் உங்கள் பார்க்கிங்கைப் பாருங்கள். உங்களுக்கென்று எழுதிக்கொடுத்த இடமா, உங்கள் மீட்டரிலிருந்து அங்கே வரைக்கும் தனி வயர் இழுக்க அசோசியேஷன் ஒப்புக்கொள்கிறதா? வீட்டிலிருக்கும் மின் இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை வழிகாட்டுதலில் இருக்கிறது, அதன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசுங்கள். அனுமதி எழுத்தில் வராமல் புக்கிங் பணம் கட்டாதீர்கள். வீட்டில் சார்ஜ் போட முடியாமல் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பி ஓட்டினால் மேலே சொன்ன ஒன்றரை ரூபாய் கணக்கெல்லாம் போய்விடும், மூன்று ரூபாயைத் தாண்டும், வரிசையில் நிற்கிற நேரம் தனி.

கரண்ட் பில்லையும் முன்கூட்டியே யோசியுங்கள், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் என்றால் 1500 கிலோமீட்டருக்கு மாதம் 230 யூனிட்டை ஒட்டி வரும், நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் 460 யூனிட் கூடுதல். ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிற வீடு என்றால் 500-ஐத் தாண்டிவிடுவீர்கள், ஸ்லாபே மாறிவிடும். அந்தக் கூடுதல் யூனிட்களில் பெரும்பகுதிக்கு எட்டு ரூபாய்க்கு மேலே கட்டவேண்டிவரும். அப்படிக் கட்டினாலும் பெட்ரோலில் கால்வாசிதான், அதனால் பயப்படவேண்டாம். முதல் பில் வரும்போது மலைக்காமல் இருக்கத்தான் இதைச் சொல்கிறேன்.

மதுரை 460 கிலோமீட்டர். ஒரே ஓட்டம் என்று திட்டமே போடாதீர்கள். நெக்ஸான் இ.வி.யின் 45 கிலோவாட்-அவர் (45 யூனிட்) பேட்டரிக்கு சோதனைக்கூடக் கணக்கு 489 கிலோமீட்டர், டாடாவே நிஜ ஓட்டத்துக்குச் சொல்வது 350-ஐ ஒட்டித்தான். நெடுஞ்சாலையில் நூறில், ஏ.சி.யோடு, முழு ஆளோடு போனால் அதிலும் குறையும். பெரம்பலூர், திருச்சி பக்கம் சாப்பிட நிறுத்தும்போது முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் சார்ஜரில் வரிசை நிற்கும், அன்றைக்கு அதிகாலையில் கிளம்புங்கள் அல்லது ரயிலில் போங்கள்.

வெள்ளத்துக்கு வருவோம். பேட்டரியும் மோட்டாரும் நன்றாக சீல் செய்யப்பட்டவை, தேங்கிய தண்ணீரில் கொஞ்ச தூரம் போவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பகுதியில் பேஸ்மெண்ட்டே மூழ்கியது. அப்படி மணிக்கணக்கில் மூழ்கினால் பெட்ரோல், எலெக்ட்ரிக் இரண்டுமே போச்சு, எலெக்ட்ரிக்கில் பேட்டரி விலை பெரிது என்பதால் இன்ஷூரன்ஸ் கம்பெனி காரையே முழு நஷ்டமாக எழுதிவிட வாய்ப்பு அதிகம். எச்சரிக்கை வந்த அன்றே காரை மேட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். பாலிசியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தண்ணீர் பாதிப்பு சேர்கிறதா என்பதை ஏஜென்ட் வாயால் கேட்டுவிட்டு நம்பாமல் பாலிசித் தாளில் படித்துப் பாருங்கள். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இல்லாமல் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு சாதாரண பாலிசியில் பணம் வராது. தண்ணீரில் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தவறு. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஊரிலேயே வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை வந்திருக்கிறது. ஊர்ப் பாசத்தில் அதையே வாங்கலாமா? – தூத்துக்குடி வாசகர்

பாசம் நியாயமானது. 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்த அந்தத் தொழிற்சாலை நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தருகிறது, நன்றாக வளரட்டும். வி.எஃப். 6, வி.எஃப். 7 இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் எந்தப் புது பிராண்டாக இருந்தாலும் கார் எப்படி இருக்கிறது என்பதோடு, இடித்துக்கொண்டால் பம்பரும் ஹெட்லைட்டும் எத்தனை நாளில் வரும், சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா அல்லது மதுரைக்கு ஓடவேண்டுமா என்பதையும் கேட்கவேண்டும். செவ்ரோலே 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் கொடுத்தார்கள்தான், ஆனால் ரீசேல் ஒரே நாளில் விழுந்தது. மூன்று வருஷத்தில் விற்கிற எண்ணம் இருந்தால் காத்திருங்கள். பத்து வருஷம் வைத்துக்கொள்வேன், சர்வீஸ் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் தயங்கவேண்டாம்.

என்னுடையது 2018 பெட்ரோல் கார். எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்த மாதிரி இருக்கிறது. இன்ஜின் கெட்டுவிடுமா? இதற்காகக் காரை மாற்றவேண்டுமா? – நாமக்கல் வாசகர்

மாற்றவேண்டாம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். உங்கள் மனப்பிரமை இல்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ரப்பர் குழாய், சீல் எல்லாம் இ20-க்கு ஏற்ற பொருளில் வருகின்றன. உங்களுடையதில் அப்படி இல்லை என்பதால் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் எரிபொருள் குழாய், ஓ-ரிங், ஃபில்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டேங்கில் கொஞ்சமாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்திவிடாதீர்கள். நாமக்கல்காரருக்கு எத்தனால் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்கும். மக்காச்சோளம் அந்தப் பக்கம் போக ஆரம்பித்ததிலிருந்து கோழித்தீவன விலை என்ன ஆனது என்று பண்ணைக்காரர்கள் படும் பாட்டை நீங்களே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். காரின் மைலேஜைவிட அது பெரிய விஷயம், அதைப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

கூட்டுக்குடும்பம், ஏழு பேர். ஏழு சீட் கார்தான் வேண்டுமா? – நாகர்கோவில் வாசகி

ஏழு பேரும் சேர்ந்து மாதத்தில் எத்தனை முறை போகிறீர்கள்? கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று வருஷத்துக்கு நாலைந்து முறைதான் என்றால் ஐந்து சீட் வாங்கிவிட்டு அந்த நாட்களில் வாடகை வண்டி எடுப்பது லாபம். வாரா வாரம் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஆனால் மூன்றாவது வரிசையில் நிஜமாகவே இரண்டு பெரியவர்களை உட்காரவைத்துப் பாருங்கள். ட்ரைபர் நான்கு மீட்டருக்குள் இருப்பதால் 18 சதவீத வரியில் வருகிறது, ஏழு பேர் உட்கார்ந்தால் டிக்கியில் இரண்டு பைக்கு மேல் போகாது. எர்டிகா, கேரன்ஸ் இரண்டும் நீளம், 40 சதவீத வரி, ஆனால் மனுஷர் உட்காரலாம். மூன்றாவது வரிசைக்கு ஏ.சி. காற்று போகிறதா என்பதை மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. ஊட்டிக்கு அடிக்கடி போவோம். ஆட்டோமேட்டிக் வாங்கலாமா, எது? – கோவை வாசகர்

அம்மாவுக்கு கியரைவிட சீட்டின் உயரம்தான் முக்கியம். ரொம்பத் தாழ்வான செடானிலிருந்து எழுந்திருக்க முட்டி போராடும், ரொம்ப உயரமான எஸ்.யு.வி.யில் கால் தூக்கி வைக்கவேண்டும். அவர் நின்றபடியே பின்னால் சாய்ந்தால் இடுப்பு நேராக சீட்டில் போய் உட்காரவேண்டும், அந்த உயரம் சரி. கதவு அகலமாகத் திறக்கவேண்டும், மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கவேண்டும். இதை ஷோரூமில் அம்மாவை வைத்துத்தான் பார்க்க முடியும்.

ஆட்டோமேட்டிக்கில் விலை குறைந்தது ஏ.எம்.டி. மேனுவல் கியரையே இயந்திரம் மாற்றுகிற ஏற்பாடு அது, கியர் மாறும்போது சின்னதாக ஒரு தலையாட்டல் இருக்கும். டவுனுக்கு ஏ.எம்.டி. போதும். மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் வளைவுகளில் ஏறும்போது, முன்னால் பஸ் நின்று நின்று போனால், அந்தத் தலையாட்டல் இல்லாமல் ஓடும் சி.வி.டி. அல்லது டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் நிம்மதி. இரட்டை கிளட்ச் வகை ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். எதை வாங்கினாலும், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இருக்கவேண்டும். இறங்கும்போது சாதாரண ஓட்டத்துக்கான டி-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி வராதீர்கள், மேனுவல் மோடிலோ, தாழ்ந்த கியரான எல்-லிலோ போட்டு கியரிலேயே இறங்குங்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சாலையில் நிஜமான ஆபத்து.

ஐந்து வருஷப் பழைய கார், சென்னை வண்டி, விலை ரொம்பக் குறைவாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – திருநெல்வேலி வாசகர்

ரொம்பக் குறைவு என்றால் ஏன் என்று கேட்கவேண்டும். 2023 டிசம்பரில் முதலில் சென்னையும் அடுத்து உங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடியும் மூழ்கின, அந்த வெள்ளத்தில் நின்ற கார்கள் துடைத்து பாலிஷ் போட்டு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வேண்டாம். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கிற குழி, இங்கெல்லாம் துரு இருக்கிறதா பாருங்கள். சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துப் பழைய ஜாப் கார்டுகளையும், இன்ஷூரன்ஸ் கிளைம் விவரத்தையும் விற்பவரை வைத்தே கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.

ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் லோன் முடிந்த என்.ஓ.சி.யும், பேங்க் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்கக்கூடாது. பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், இதை விட்டுவிட்டு விபத்தில் மாட்டிக்கொண்டவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

எட்டு லட்சம் லோன். ஏழு வருஷம் போட்டால் தவணை குறைகிறது, போடலாமா? – சேலம் வாசகர்

9 சதவீத வட்டி என்று வைத்துப் பார்த்தால், ஐந்து வருஷத்துக்கு மாதம் 16,600 ரூபாய், மொத்த வட்டி 1.96 லட்சம். ஏழு வருஷத்துக்கு மாதம் 12,870, மொத்த வட்டி 2.81 லட்சம். தவணையில் மிச்சமாகும் 3,700 ரூபாய்க்காக எண்பத்தைந்தாயிரம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். ஜி.எஸ்.டி.யில் அரசு குறைத்த தொகையைக் கொண்டுபோய் பேங்கில் கட்டுவதற்குச் சமம் இது. ஐந்து வருஷத் தவணை கட்ட முடியாத கார் உங்களுக்கு ஒரு படி பெரிய கார், ஒரு வேரியண்ட் கீழே வாங்குங்கள்.

எக்ஸ்-ஷோரூம் ஒன்று, ஆன்-ரோடு ஒன்று சொல்கிறார்கள். நடுவில் இவ்வளவு பணம் எங்கே போகிறது? டெலிவரி எடுக்கும்போது என்ன பார்க்கவேண்டும்? – தஞ்சாவூர் வாசகர்

பெரும்பகுதி ஆயுள்கால சாலை வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது வரை 15, அதற்கு மேல் 20. இதில் பத்து லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9.90 லட்சம் காருக்கு வரி 1,28,700, 10.10 லட்சம் காருக்கு 1,51,500. இருபதாயிரம் கூடுதல் விலைக்கு ஏறக்குறைய இருபத்து மூவாயிரம் வரி கூடுகிறது, பத்து லட்சம் தாண்டினால், விற்பவரே உங்கள் வருமான வரிக் கணக்கில் வசூலிக்கும் டி.சி.எஸ். ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள். டி.சி.எஸ். பணம் போய்விடவில்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள். எலெக்ட்ரிக் காருக்கு சாலை வரி விலக்கு தருகிறார்கள், நீங்கள் பதிவு செய்யும் தேதியில் அது அமலில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவர்கள் கொடுத்த தாளில் உள்ள ஐ.டி.வி.யையும் (இன்ஷூரன்ஸ் கம்பெனி காருக்குப் போடும் மதிப்பு) கூடுதல் கவர்களையும் குறித்துக்கொண்டு வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள், அதைக் காட்டினால் பெரும்பாலும் ஷோரூமே குறைத்துவிடும். ஹேண்டிலிங் சார்ஜ், ஆக்சஸரீஸ் பேக்கேஜ் என்று பில்லில் இருக்கும் தொகைகளை எதற்கென்று கேட்டு, வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள்.

டெலிவரிக்கு முன்னால், நம்பர் பதிவு செய்வதற்கும் முன்னால், காரைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பதிவு முடிந்த பிறகு கார் உங்களுடையது, கீறலும் உங்களுடையது. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். காரின் தயாரிப்பு மாதத்தையும், கார் கம்பெனி தரும் சான்றிதழான ஃபார்ம் 22-ல் பாருங்கள், டிசம்பர் தள்ளுபடியில் வாங்கும் கார் ஜனவரி பிறந்ததும் ரீசேலுக்கு ஒரு வயது கூடிவிடும், அந்த அளவுக்குத் தள்ளுபடி இருக்கிறதா என்று பேசுங்கள். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறீர்கள் என்றால், அதன் இன்ஷூரன்ஸில் கிளைம் இல்லாமல் சேர்ந்த என்.சி.பி. தள்ளுபடி காருக்குச் சேர்ந்ததில்லை, உங்களுக்குச் சேர்ந்தது. ஐந்து வருஷம் கிளைம் போடாதவருக்கு அது 50 சதவீதம். பழைய கம்பெனியிடம் என்.சி.பி. சான்றிதழ் எழுதி வாங்கி, புது காரின் பாலிசி போடும் முன்பே ஷோரூமில் கொடுங்கள்.